கொடி சுற்றிப் பிறந்தவள்

ஜூன் 2, திங்கள். கோயம்புத்தூர் விமான நிலையம்

ஜெர்மன் பரீட்சையில் தேறியதற்கு வகுப்பில் கொடுத்த நோட்டு இது. தினமும் ஜெர்மனில் நாட்குறிப்பு எழுதிப் பழகுங்கள் என்றார் டீச்சர். எங்கள் குடும்பக் கூத்தை எழுதும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் வராது. தமிழில்தான் எழுதப்போகிறேன்.

பயணத்துக்கு அப்பா வைத்த பெயர் "பிறந்த மண் தேடி." வாட்ஸ்அப் குழுவுக்கும் அதே பெயர்தான், படம் ஈபிள் கோபுரம். நாங்கள் பாரிஸ் பக்கமே போகவில்லை. அப்பா உலோகவியல் பேராசிரியர், டாக்டர் நாச்சிமுத்து. ஒரு காலத்தில் ஆராய்ச்சி என்று ஐரோப்பாவில் ஏழு வருஷம் சுற்றினார். ஜெர்மனியில் ஆகன் என்ற ஊரில் இருந்தபோது அண்ணன் சஞ்சித் பிறந்தான். மூன்று வருஷம் கழித்து ஆஸ்திரியாவில், கிராட்ஸ் என்ற ஊரில், நான் வர்ணிகா. எனக்கு மூன்று வயதானபோது மூட்டை கட்டிக்கொண்டு கோவைக்கே வந்துவிட்டோம். இதை வைத்துக்கொண்டு சஞ்சித் இன்ஸ்டாகிராமில் தன்னைப் பாதி ஜெர்மன் என்று எழுதி வைத்திருக்கிறான். பாதி ஜெர்மனுக்கு ஜெர்மனில் இருபது வரை எண்ணத் தெரியாது.

இதெல்லாம் ஊருக்குச் சொல்லும் காரணம். உண்மையான காரணம் நான்கு நாற்காலி தள்ளி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருக்கிறது. என் தாய்மாமா சென்னியப்பன். கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். நான் கொடி சுற்றிப் பிறந்தேனாம். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாதாம். மாமன் முதலில் அந்தக் குழந்தையின் முகத்தை எண்ணெயில்தான் பார்க்க வேண்டுமாம். நான் பிறந்த மாதமே மாமா பைக்கிலிருந்து விழுந்து கால் உடைந்தது. ஊர் திரும்பியதும் எண்ணெய்க் கிண்ணத்தில் முகம் பார்க்க வைத்தார்கள். மூன்று வயதில் நான் கிண்ணத்தைத் தட்டிவிட்டேனாம். அடுத்த மாதம் லேத்தில் அவருக்கு இரண்டு விரல் போனது.

அன்றிலிருந்து மாமா என் முகத்தைப் பார்த்ததில்லை. நான் வந்தால் அவர் திரும்பிக்கொள்வார். குடும்பப் படம் வந்தால் என் முகத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு மற்றவர்களைப் பார்ப்பார். அவர் வீட்டு விசேஷங்களுக்கு அம்மாவும் அப்பாவும் சஞ்சித்தும் போவார்கள். எனக்கு அன்றைக்கென்று பரீட்சை இருக்கும்.

இப்போது மாமாவுக்குக் கழுத்தில் கட்டி. ஜூன் 23 ஆபரேஷன், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோஷம் கழியாமல் கத்தி வைக்க விடமாட்டேன் என்று மாமா கையெழுத்துப் போடவில்லை. கொடி அறுத்த மண்ணிலேயே பரிகாரம் செய்தால்தான் பலிக்கும் என்று ஜோசியர் சொன்னாராம். அந்த மண் ஆஸ்திரியாவில் இருக்கிறது. ஜோசியருக்கு உலக வரைபடம் தெரியாது, அவர் மேல் குற்றமில்லை.

ஜூன் 3, செவ்வாய். பிராங்க்ஃபர்ட்

பரிகாரத்துக்கு என்று செக்கில் ஆட்டி எடுத்து வந்த நல்லெண்ணெய் பாட்டில் பெட்டிக்குள் உடைந்துவிட்டது. சஞ்சித்தின் உடைகள் தப்பின. என்னுடையவை எல்லாம் தாளித்த மாதிரி மணக்கின்றன.

ஜூன் 4, புதன். ஆகன்

ரயிலில் நான் இருக்கும் வரிசைக்கு முன் வரிசையில்தான் மாமா உட்காருவார். சுரங்கப்பாதை வந்தால் ஜன்னல் கண்ணாடியாகிவிடுகிறது. என் முகம் அதில் தெரிந்துவிடுமோ என்று கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறார். ஐம்பத்தாறு வயது ஆள். நாற்பது பேருக்கு முதலாளி.

மதியம் "நாங்கள் வாழ்ந்த வீடு" பார்க்கப் போனோம். அப்பா ஒரு மஞ்சள் கட்டடத்தின் மூன்றாம் மாடி ஜன்னலைக் காட்டிக் கண் கலங்கினார். "இங்கதான் சஞ்சித்தை முதல்ல தூக்கிட்டு வந்தோம்." சஞ்சித் ஜன்னலை அண்ணாந்து பார்ப்பது போல் பதினாறு படம் எடுத்துக்கொண்டான். அம்மா மெல்ல, "இது இல்லீங்க, அடுத்த தெரு" என்றாள். அடுத்த தெருவில் அந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் இருந்தது. படத்தை மாற்ற வேண்டாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று சஞ்சித் முடிவு செய்தான்.

ராச்சாப்பாட்டுக்கு அம்மா குளியலறைத் திண்டில் குக்கர் வைத்துப் புளிசாதம் கிண்டினாள். ஐரோப்பா வந்ததிலிருந்து நான் பார்த்த அழகான காட்சி அதுதான்.

ஜூன் 5, வியாழன். ஆகன்

இன்று சஞ்சித் பிறந்த மருத்துவமனை. அப்பா முன்பே மின்னஞ்சல் போட்டிருந்தார். பிரசவப் பிரிவின் தலைமைத் தாதி வாசல்வரை வந்து எங்களை வரவேற்றார். அறுபது வயதிருக்கும், நல்ல சிரிப்பு. இருபது வருஷத்துக்கு முன் பிறந்த குழந்தையைக் குடும்பத்தோடு கூட்டிவந்து காட்டியவர்கள் நாங்கள்தானாம். அதில் ஆச்சரியம் இல்லை.

இவர்களில் யாருக்கும் ஜெர்மன் தெரியாது. அப்பாவுக்கு லேபில் எல்லாம் ஆங்கிலம்தான். அம்மாவுக்குக் கடைக்கணக்கு அளவு. ஆகவே நான்தான் மொழிபெயர்ப்பாளர். முகம்தான் ஆகாது, வாய் ஆகும்.

அம்மா கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் புத்தகத்தை எடுத்தாள். இங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் எடை, உயரம், பிறந்த விதம் எல்லாம் எழுதிக் கொடுக்கும் புத்தகம். எங்கள் வீட்டில் அது பட்டுப்புடவைகளுக்கு நடுவே பீரோவில் இருக்கும், யாரும் படித்ததில்லை. அதன் ஒரு பக்கத்தில் முத்திரை குத்தித் தரச்சொல்லிக் கேட்கச் சொன்னான் சஞ்சித். இன்ஸ்டாகிராமுக்காக.

தாதி முதல் பக்கத்தைப் படித்தார். சிரித்தார். விரலால் தன் கழுத்தைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டுக் காட்டினார். பிறகு சஞ்சித்தின் தோளைத் தட்டி என்னிடம் சொன்னார்: "உன் அண்ணன் கழுத்தில் கொடி இரண்டு சுற்று சுற்றியிருந்திருக்கிறது. இப்போது பார், கதவு உயரத்துக்கு நிற்கிறான். நான்கு குழந்தையில் ஒன்று இப்படித்தான் வரும், நாங்கள் விரலால் எடுத்துவிடுவோம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்கு ஜெர்மன் புரியாது. ஆனால் அந்த விரல் புரிந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"என்ன சொல்லுதாமா அந்தம்மா? கழுத்தையல்ல காட்டுது?" என்று மாமா சுவரைப் பார்த்துக் கேட்டார். என்னிடம் கேட்கிறார் என்று அர்த்தம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், மாமாவைத் தவிர.

"மூணு கிலோ அறுநூறு கிராமாம்" என்றேன்.

"அதுக்கெதுக்குக் கழுத்தைக் காட்டோணும்?" என்று யோசித்தார். பிறகு அவரே, "என்ற கட்டியப் பாத்துப்போட்டுச்சாட்ட இருக்குது. டாக்டரு வூட்டு ஆளுகளுக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சுருமல்ல" என்றார்.

"ஆமாங்கண்ணா" என்றாள் அம்மா. எவ்வளவு வேகமாகச் சொன்னாள்!

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. புத்தகத்தில் எவனோ எழுதியது. திரும்பும் வழியில் பேருந்தில் நிறுத்தங்களை எண்ணினேன். பதினொன்று. ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் ஏறினார்கள் என்றும் எண்ணினேன்.

ஜூன் 6, வெள்ளி. மியூனிக் போகும் ரயில்

"அம்மா, என்னோட மஞ்சப் புத்தகம் எங்க?"

"அது பீரோவுல இருக்குது கண்ணு. எடுத்துட்டு வரல."

சஞ்சித்தினுடையது வந்திருக்கிறது. பரிகாரம் எனக்கு. புத்தகம் அவனுடையது. சரி.

ஜூன் 7, சனி. சால்ஸ்பர்க்

மழை. ஒரு கோட்டை. அதைச் சுற்றிப் பார்க்க எல்லோரும் போனார்கள். தலைவலி என்று நான் அறையில் இருந்தேன். மாமா, "பாவம், அம்மிணிக்கு மாத்திரை குடுத்துட்டு வாடா சஞ்சித்து" என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னார். அவர் நல்லவராக இருப்பதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவராக இருந்தால் ஒரேயடியாக வெறுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

அம்மாவின் பெட்டியைத் துழாவினேன். பருப்புப்பொடி டப்பாவுக்குக் கீழே, துண்டில் சுற்றி, என் புத்தகம் இருந்தது. பீரோ வாழ்க.

அதே மஞ்சள், கொஞ்சம் வெளிறியது. எடை இரண்டு கிலோ தொள்ளாயிரம். சுகப்பிரசவம். கொடி பற்றி ஒரு சொல் இல்லை. சிக்கல்கள் என்ற இடத்தில், அழகான கையெழுத்தில், "எதுவும் இல்லை."

மூன்று முறை படித்தேன். அகராதியிலும் பார்த்தேன், "எதுவும்" என்பதற்கும் "இல்லை" என்பதற்கும். வகுப்பில் முதல் வாரம் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள்.

துண்டில் சுற்றித் திரும்பவும் பருப்புப்பொடிக்குக் கீழே வைத்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு. கிராட்ஸ்

வந்து சேர்ந்தோம். என் பிறந்த மண்ணாம். மண்ணைப் பார்த்ததும் ஏதாவது தோன்றுமா என்று அப்பா கேட்டார். பசி தோன்றியது.

ஜூன் 9, திங்கள். கிராட்ஸ்

எண்ணெய் குடித்த துணிகளை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் துணி துவைக்கும் கடைக்குப் போனோம். காசு போட்டால் தானாகத் துவைக்கும் இயந்திரங்கள். விடுமுறை நாள், எங்களைத் தவிர யாருமில்லை. நாற்பது நிமிடம் என்று இயந்திரத்தில் எழுதியிருந்தது. முப்பதாவது நிமிடத்தில் கேட்டேன்.

"கொடி சுத்திப் பொறந்தது சஞ்சித்துதானே?"

அம்மா சுழலும் துணிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுப்பாள், நான் கத்தலாம் என்று காத்திருந்தேன். மறுக்கவில்லை.

"அவன் பொறந்தப்ப நான் யாருகிட்டயும் சொல்லல. அந்த நர்சம்மா வெரலாலதான் காட்டுச்சு. ஊருக்குப் போனப்ப அண்ணன் அவனைக் கீழயே விடல கண்ணு. ஆறு மாசம் அவரு தோள்லதான் கெடந்தான். ஒண்ணும் ஆகல. சரி, எல்லாம் சும்மான்னு நெனச்சுட்டேன்."

"அப்பறம்?"

"அப்பறம் நீ பொறந்தே. அண்ணன் பைக்குல உழுந்தாரு. உங்க அத்தை போன் பண்ணி அழுகறாங்க. எந்தக் கொழந்தைக்காச்சும் கொடி சுத்தியிருந்துச்சா, மறைக்காமச் சொல்லுன்னு." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவன் மாமா மாமான்னு போட்டோவக் கட்டிப் புடிச்சுட்டுத் தூங்கறவன். அது அறுந்து போயிருமேன்னு இருந்துச்சு. நீ கைக்கொழந்தை. மாமனையே பாத்ததில்ல. உனக்கு என்ன தெரியப்போகுதுன்னு..."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"உங்கப்பா அன்னிக்கு ஒண்ணும் பேசல."

என்றைக்குப் பேசினார்? கண்ணாடி துடைத்திருப்பார்.

மூடநம்பிக்கையைக்கூட மன்னிக்கலாம். இது கணக்காகச் செய்தது. இரண்டு பிள்ளைகளை வைத்துப் பார்த்து, யாரைக் கொடுத்தால் குறைவாக வலிக்கும் என்று தேர்ந்தெடுத்திருக்கிறாள். வலி அவளுக்குக் குறைவாக. பத்தாம் வகுப்பில் நான் மாநிலத்தில் தமிழில் முதல் மதிப்பெண் வாங்கியபோது மாமா மோதிரம் கொடுத்தனுப்பினார். போட்டுக் காட்ட முடியவில்லை. கையை மட்டும் கதவிடுக்கில் நீட்டினேன். "நல்லாருக்குது அம்மிணி" என்றார் என் கையிடம். அப்போது அம்மா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். இவள் நின்றுகொண்டிருந்தாள்!

"நாளைக்கு என்ன பண்ணப்போற?" என்றேன். "தப்பான பிள்ளைக்குப் பரிகாரம் பண்ணினா உங்கண்ணனுக்குப் பலிக்குமா?"

அதைத்தான் அவளும் ஆகனிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று அந்த முகத்தில் தெரிந்தது.

"நீயே சொல்லீரு கண்ணு. உனக்கு ஜெர்மன் தெரியும், படிச்சுக் காட்டுனா நம்புவாரு. என்னால முடியாது."

"நான் சொல்லமாட்டேன். நீ வெச்சது, நீயே எடு."

துணிகள் நன்றாக வெளுத்திருந்தன. எண்ணெய் வாசம் போகவில்லை.

ஜூன் 10, செவ்வாய். கிராட்ஸ்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் அப்பாவும் சஞ்சித்தும் எண்ணெய் வாங்கப் போனார்கள். இந்த ஊர்க் கடைக்காரர் பெருமையாக எடுத்துக் கொடுத்தது பூசணிவிதை எண்ணெய். இங்கே ஐஸ்கிரீமில்கூட ஊற்றித் தின்கிறார்கள். கருங்குழம்பு மாதிரி இருந்தது.

"ஏனுங் மாப்பிள்ளை, இது வண்டிக்கு ஊத்தற ஆயிலாட்ட இருக்குதுங்களே" என்றார் மாமா.

"விதையில எடுத்ததுதான் மச்சான். எண்ணெய்ன்னா எண்ணெய்தானுங்க" என்றார் உலோகவியல் பேராசிரியர்.

நான் பிறந்த மருத்துவமனைக்குப் பின்னால் மரங்கள் நிறைந்த தோட்டம். நோயாளிகள் சக்கர நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெஞ்சில் மாமா கிழக்கு பார்த்து உட்கார்ந்தார். விடுதியிலிருந்து தூக்கிவந்த சூப் தட்டில் அம்மா எண்ணெயை ஊற்றி அவர் மடிக்கு நேராகப் பிடித்தாள். நான் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். தோளுக்கு மேலாக என் முகம் எண்ணெயில் விழ வேண்டும், அதை அவர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் பரிகாரம். சஞ்சித் வீடியோ எடுக்கத் தயாராக நின்றான்.

மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கழுத்துக் கட்டி பின்னாலிருந்து பார்த்தாலும் தெரிந்தது. இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நானும் அவரை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

"அம்மிணி" என்றார். "உனக்கு ரொம்பச் செரமம் குடுத்துட்டேன். எனக்கு உன்ற மேல ஒண்ணுமில்ல. பயந்தான் சாமி. பயந்துட்டே இத்தனை வருசம் போயிருச்சு. இன்னிக்கோட தீந்துரும். குனிஞ்சுக்கோ."

காலையில் அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்த இரண்டு புத்தகங்களும் என் பையில் இருந்தன. எடுக்கவில்லை. குனிந்தேன்.

தட்டு ஆடியது. எண்ணெய் விளிம்பில் ததும்பி அம்மா கைவழியாக ஒழுகியது.

"கண்ணைத் தொறக்கட்டுங்களா?" என்றார் மாமா.

"வேண்டாங்கண்ணா!"

சக்கர நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். தட்டைப் புல்லில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இவ இல்லீங்கண்ணா. சஞ்சித்துக்குத்தான் கொடி சுத்தியிருந்துச்சு. இவளுக்கு ஒண்ணுமில்ல. நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன். தப்பான ஆளப் பாத்துட்டு நீங்க ஆப்பரேசனுக்குப் போயிரக் கூடாதுங்கண்ணா."

எனக்காகச் சொல்லவில்லை. இதை நான் மறக்கக் கூடாது என்பதற்காகவே எழுதி வைக்கிறேன். பதினேழு வருஷம் எனக்காக வராத வாய், அவள் அண்ணன் உயிர் என்றதும் வந்தது.

சஞ்சித் கைபேசியைக் கீழே இறக்கினான். "அம்மா, என்னம்மா இது?" என்றான். அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அதைத் தொடைக்காதீங்கப்பா" என்றேன். அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மாமா வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"சாந்தாமணி" என்றார் கடைசியில். அம்மாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, பாப்பா என்றுதான் கூப்பிடுவார். "எனக்கு இருந்தது ஒரே மருமக."

சஞ்சித்தை வரச்சொன்னார். அவன் பின்னால் நின்றான், தட்டை அப்பா பிடித்தார். அவன் கொடி அறுத்த மண் ஆகனில் இருக்கிறது என்று யாரும் ஞாபகப்படுத்தவில்லை, நானும்தான். இருபது வருஷமாகத் தோளிலும் மடியிலும் வைத்திருந்த பிள்ளையின் முகத்தை மாமா கருப்பு எண்ணெயில் ஒரு முறை பார்த்தார். சஞ்சித் அழுதுகொண்டிருந்தான். எண்ணெயில் அது தெரிந்திருக்காது. மாமா அப்பாவிடம் கோவைக்கு போன் போட்டு, இருபத்திமூணாம் தேதி வர்றேன் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லச் சொன்னார். இத்தனை நடந்த பிறகும் அந்தத் தட்டு அவருக்குத் தேவைப்பட்டது. அந்த அளவுதான் எங்கள் குடும்பத்தின் அறிவு.

பிறகு எழுந்து, சுகமில்லாத காலை ஊன்றி, மெல்லத் திரும்பினார். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. திரும்பிக்கொள்வது அவர் வேலை என்பதால் எனக்கு அது பழகவில்லை.

என்னைப் பார்த்தார். நெற்றியிலிருந்து ஆரம்பித்து, லேத்தில் கடைந்த சாமானைச் சரிபார்ப்பது போல, ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். மூன்று விரல் கையைத் தூக்கி என் இடது கன்னத்துக்குக் கிட்டே கொண்டுவந்து நிறுத்தினார்.

"இங்க மச்சம் இருக்குதா கண்ணு?"

"இருக்குது மாமா. பொறந்ததுல இருந்து இருக்குது."

ஜூன் 11, புதன். வியன்னா போகும் ரயில்

அம்மாவோடு பேசவில்லை. இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். புளிசாதம் கொடுத்தனுப்பினாள், சாப்பிட்டேன், பேசவில்லை.

மாமா எனக்கு எதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்துகொண்டார். ஏறியதிலிருந்து வைத்த கண் வாங்காமல் பார்க்கிறார். சுரங்கப்பாதையிலும் பார்க்கிறார். மனுஷருக்கு நாகரிகமே கிடையாது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடலாம்.

திரும்பவில்லை.